பாலாற்று மணலில் இறங்கிய காலனி

எழுபதுகளின் தொடக்கத்தில் பாலாற்றுக்குத் தெற்கே ஓர் ஊரில் நான் அரசாங்க நர்ஸாக இருந்தேன். வீடு காஞ்சிபுரத்தில். அப்பாவும் அண்ணனும் தறி நெய்தார்கள். காலை பஸ்ஸில் போவேன், சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சண்டையில் இருந்த இரண்டு பக்கத்துக்காரர்களின் பிள்ளைகளும் இன்று அங்கேதான் இருக்கிறார்கள்.

ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் காலனி. ஓலை வேய்ந்த குடிசைகள், கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்கென்று இருந்த சின்ன சர்ச் ஒன்றை ஓர் உபதேசியார் பார்த்துக்கொண்டார். ஒல்லியான மனுஷர், எப்போதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடப்பார், ஏறி ஓட்டி நான் பார்த்ததில்லை.

காலனியில் எனக்குக் கூடமாட இருந்தவள் ஒருத்தி. பிரசவத்துக்கு என்னோடு வருவாள், என் பையைத் தூக்குவாள், வர மறுக்கிற பெண்களைத் திட்டிக் கூட்டி வருவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னைவிடப் பெரியவளான அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். எங்கள் தெருவில் அதுதான் பழக்கம். ஒரு மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் என் கையைப் பிடித்து ஓடையைத் தாண்ட வைத்தாள். கரையேறியதும் "அக்கா" என்று வாயில் வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நாளிலிருந்து என்னை "நர்ஸம்மா" என்பதை விட்டு "வாம்மே, போம்மே" என்று பேச ஆரம்பித்தாள்.

அந்த வருஷம் மழை இல்லை. ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கோடையில் மணலைத் தோண்டி ஊற்றெடுத்துக் கால்வாயில் விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தோண்டுகிறவர்கள் காலனி ஆண்கள், தண்ணீர் போவது ஊர்க்காரர்களின் வயலுக்கு. காலனிக் கிணறு வற்றிப்போனதும் இவர்கள் தங்களுக்குக் குடிக்க என்று கால்வாய்க்கு மேலே ஓர் ஊற்று தோண்டினார்கள். வயலுக்கு வருகிற தண்ணீர் குறையும் என்று ஊர்க்காரர்கள் அதை மூடினார்கள். இவர்கள் மறுபடி தோண்டினார்கள். மூட வந்தவர்களுக்கும் காவல் நின்றவர்களுக்கும் அடிதடி ஆகி, ஊர்ப்பக்கத்து இளைஞன் ஒருவன் மண்வெட்டியால் அடிபட்டு விழுந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தவன். என்னைக் கூப்பிட்டார்கள். மண்டை பிளந்திருந்தது. நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு "ஊசி போடும்மா, ஏதாவது ஊசி போடும்மா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் வந்து கூடாரம் போட்டது. காலனி ஆண்களில் பாதிப்பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஊர்ப்பக்கம் வெளியூர் உறவுக்காரர்கள் வந்து இறங்கியபடி இருந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து நான் நடந்து போகும்போதே அரிவாள் தீட்டுகிற சத்தம் கேட்கும். காட்டுப்பன்றிக்கு வைக்கிற நாட்டு வெடிகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சு. காலனியிலும் சும்மா இல்லை. மூங்கில் கழியில் இரும்பு முனை செருகி வேல்கம்பு செய்துகொண்டிருந்தார்கள். அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஒருநாள் உபதேசியார் என்னிடம் வந்தார்.

"போலீசு எத்தினி நாளைக்கு இருக்கும்மா? அவுங்க போனதும் இவுங்க வருவாங்க. வந்தா ஜனங்கள எந்தப் பக்கம் கூட்டிக்கினு போறது?"

சாலைப் பக்கம் போக முடியாது. ஊரைத் தாண்டித்தான் சாலை. மிச்சம் இருந்தது ஆறுதான். சர்ச் மணி நிற்காமல் அடித்தால் பெண்களும் குழந்தைகளும் எதையும் எடுக்காமல் ஊற்றுக்கால்வாய்க்குள் இறங்கி, நாணல் மறைவிலேயே ஆற்றுக்குப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தோம். நடக்க முடியாதவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். காசநோய்க்காரர், பக்கவாதம் வந்து படுத்திருந்தவர், பச்சை உடம்புக்காரிகள். ஒவ்வொருவரையும் யார் தூக்குவது என்று உபதேசியாரும் அக்காவும் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்தார்கள். அக்கா சொன்ன விதம் வேறு. "மாடு, கோழின்னு திரும்பிப் பாத்தீன்னா உன்னை நானே வெட்டிப் போட்டுடுவேன்."

ஆற்றில் மணல் அள்ள ஒரு லாரி வரும். டிரைவர் ஆற்காட்டுப் பக்கத்து முஸ்லிம். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரிடம் போய்க் கேட்டேன்.

"நம்ம வண்டி இல்லம்மா, மொதலாளி வண்டி. ஜனங்கள ஏத்தினா கேஸ் ஆயிடும். நம்மள உட்டுடு" என்றார். நான் கெஞ்சவில்லை. மனுஷரின் முகத்தில் பயம் தெரிந்தது, அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

போலீஸ் கூடாரத்தைக் கழற்றிய மறுநாள் காலையே ஊர்க்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அன்று நான் தையல் பிரிக்க வந்திருந்தேன். குடும்பக் கட்டுப்பாடு முகாமில் காலனிப் பெண்கள் சிலருக்கு ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஒருத்தியைப் பாயில் படுக்கவைத்துக் கத்தரிக்கோலைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். அப்போது முதல் வெடி வெடித்தது. அதைத் தொடர்ந்து மணி. மேற்கே இருந்த குடிசைகளின் மேல் புகை எழுந்து, நான் எழுந்து நிற்பதற்குள் நெருப்பாகிவிட்டது. பங்குனி வெயிலில் காய்ந்த ஓலை. ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்குத் தாவ அதற்குக் காற்றுகூட வேண்டியிருக்கவில்லை.

தெருமுனையில் காலனி ஆண்கள் வேல்கம்போடு நின்றார்கள். கொஞ்சப் பேர்தான். எதிரே வந்தவர்கள் தெரு நிறைய வந்தார்கள். வெடி ஒன்று காலனிக்காரர் ஒருவரின் நெஞ்சிலேயே பட்டது. அவர் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

நாங்கள் பேசி வைத்தபடி நடந்தது பாதிதான். பெண்கள் கால்வாய்க்கு ஓடினார்கள். காசநோய்க்காரரைத் தூக்க வேண்டியவன் தெருமுனையில் சண்டையில் இருந்ததால், இரண்டு பெண்கள் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கினார்கள். பக்கவாதக்காரரின் வீட்டுக்கூரை அதற்குள் உள்ளே விழுந்துவிட்டது. அவர் மகள் அந்த வாசலில் நின்று கத்தியதையும், உபதேசியார் அவளை இடுப்பில் பிடித்து இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தேன். ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே ஓடினார்கள். ஒருத்திக்குத் தையல் விட்டுப்போய்ப் புடவை நனைந்தது. என் துண்டை வைத்து அழுத்தி, அதன்மேல் இறுக்கிக் கட்டி அனுப்பினேன்.

கால்வாய்க்குள் இறங்கியதும் எல்லாரும் வந்தாயிற்றா என்று எண்ணிப் பார்த்தேன். கடைசி வீட்டு மருமகளைக் காணோம். அவளும் ஆபரேஷன் ஆனவள்தான், ஜுரத்தோடு படுத்திருந்தாள்.

"நான் போய்க் கூட்டிக்கினு வர்றேன். நீ இதுங்கள ஓட்டிக்கினு போம்மே" என்றாள் அக்கா.

"நானும் வர்றேன்."

"சொன்னா கேக்க மாட்டியா நீ?" என்று திட்டிக்கொண்டே அவள் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அக்கா அந்தப் பெண்ணைத் தோளில் சாய்த்து வெளியே இழுத்து வந்தபோது புகைக்குள்ளிருந்து மூன்று பேர் வந்தார்கள். ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும். ஊர்ப்பக்கத்தில் நல்ல நிலபுலன் உள்ளவன். அவன் மனைவிக்குக் கால் முன்னால் வந்த பிரசவம். நானும் அக்காவும்தான் பகல் முழுக்கப் போராடித் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினோம். அந்த வீட்டுக்குள் அதற்கு முன்னால் அக்காவை விட்டதே கிடையாது.

அவன் என்னைப் பார்த்து நின்றான். "நர்ஸம்மா, ஒதுங்கிப் போய்டு. உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம்."

நான் ஒதுங்கவில்லை.

அக்கா அந்தப் பெண்ணைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். "டேய், உன் புள்ளைய இந்தக் கையிலதான்டா வாங்கினேன்."

அவன் முதலில் அந்தக் கையைத்தான் வெட்டினான். அக்கா கையைப் பார்த்தாளே தவிரக் கத்தவில்லை. அடுத்த வெட்டு கழுத்தில் விழுந்தது. நான் அந்த ஜுரக்காரி மேல் விழுந்து படுத்துக்கொண்டேன். என் முதுகில் கழியால் ஓர் அடி விழுந்தது. மூச்சு நின்றுபோனது. அடுத்த அடிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அது வரவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால், தெருமுனையிலிருந்து பின்வாங்கி வந்த காலனிக்காரர்களில் ஒருவன் மூவரில் இளையவனின் வயிற்றில் வேல்கம்பைச் செருகியிருந்தான். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். குத்துப்பட்டவன் கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்ணில் சரிந்தான். குத்தியவன் கம்பை உருவ மறுபடி மறுபடி இழுத்தான். அது வரவில்லை. மீசை சரியாக முளைக்காத முகம் குத்துப்பட்டவனுக்கு. "அம்மா, அம்மா" என்றான். அவனைத் தாண்டித்தான் நானும் இன்னொரு காலனிக்காரரும் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அக்காவை அங்கேயே விட்டுவிட்டு ஓடினோம்.

ஆற்றில் லாரி நின்றிருந்தது. மணல் அள்ளுகிறவர்கள் வெடிச் சத்தத்திலேயே ஓடிவிட்டார்கள். பாய் மட்டும் வண்டியை விட்டுப் போகவில்லை. பாதி மணல் ஏற்றிய வண்டி. நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. என் புடவையைப் பார்த்தார். "யா அல்லா" என்றார். பின்பக்கப் பலகையைத் தட்டித் திறந்தார்.

"மண்ணத் தள்ளுங்கமா, தள்ளுங்க! எடம் பண்ணுங்க!"

பெண்கள் ஏறிக் கையாலும், மணல் அள்ளுகிறவர்கள் போட்டுவிட்டுப் போன முறத்தாலும் மணலைக் கீழே தள்ளினார்கள். நடக்க முடியாதவர்களையும் வெட்டுப்பட்டவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் ஏற்றினோம். மற்றவர்களை உபதேசியார் மணலில் நடத்திக்கொண்டு, காஞ்சிபுரம் பக்கத்துச் செவிலிமேட்டுக் கரையைப் பார்த்துப் போனார். வெயிலில் மணல் கொதித்தது. செருப்பில்லாத பிள்ளைகள் மாற்றி மாற்றிக் காலைத் தூக்கிக் குதித்தன. நாங்கள் நகர ஆரம்பித்தபோது தெற்குக் கரையில் ஆட்கள் தெரிந்தார்கள். வெடியை வீசினார்கள். ஒன்று முன்கண்ணாடியில் பட்டுப் பாயின் முகமெல்லாம் கண்ணாடித் துண்டு. ஒரு கையால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே, மணலில் புதைகிற சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டி எடுத்து ஓட்டினார். எங்களைக் கரையேற்றிவிட்டு, நடந்து வந்தவர்களில் தளர்ந்து விழுந்தவர்களுக்காக மறுபடி ஆற்றுக்குள் இறங்கினார். போகாதீர்கள் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. ஒரு காது அன்றோடு போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

காஞ்சிபுரத்தில் பங்குனித் திருவிழாக் கூட்டம். மோசமாக வெட்டுப்பட்டவர்களைப் பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, மற்றவர்களைத் தங்கவைக்க இடம் தேடினேன். சத்திரத்துக்காரர் லாரியைப் பார்த்ததுமே கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினார். "உள்ள யாத்திரைக்காரங்க இருக்காங்கம்மா. இவுங்கள எப்படி வுடறது?" இன்னொரு மண்டபத்தில், சாமி புறப்படுகிற தெரு, ரத்தக்கறையோடு வரக்கூடாது என்றார்கள். கருகின தலைமுடியோடு குழந்தைகள் லாரியில் நின்றபடி நாதஸ்வரம் வருகிற திசையை வேடிக்கை பார்த்தன.

கடைசியில் இடம் கொடுத்தவர் ஓர் அரிசி ஆலைக்காரர். ஊர்க்காரர்களின் ஜாதிதான், அந்த ஊரிலேயே அவருக்கு உறவும் உண்டு. அவர் மகளுக்கு நான் பிரசவம் பார்த்திருந்ததால் துணிந்து போய்க் கேட்டேன். வெளியே வந்து லாரியை எட்டிப் பார்த்தார்.

"நான் கூப்ட்டு வெச்சேன்னு யாருக்கும் சொல்லாத. நீங்களாவே பூந்துட்டீங்கன்னு சொல்லிக்கிறேன்" என்று சொல்லி, நெல் காய்கிற களத்தின் கேட்டைத் திறந்துவிட்டார்.

சுற்றிச் சுவர், சிமெண்டுத் தரை, தண்ணீர்த் தொட்டி. அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நெல் வேகவைக்கிற பெரிய அண்டாவைத் தேய்த்துக் கழுவி, உமி அடுப்பு மூட்டி, அதிலேயே கஞ்சி காய்ச்சினோம். உபதேசியாரோடு நடந்து வந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். சேதி எங்கள் தெருவுக்குப் போய் அப்பா வந்தார். என் புடவையைப் பார்த்து, "உன் ரத்தமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுப்புக்கு உமி தள்ள உட்கார்ந்துவிட்டார். அண்ணன் நெசவாளர் வீடுகளில் கேட்டு வாங்கிய பழைய பருத்தித் துணிகளை மூட்டையாகக் கொண்டுவந்தான். கிழித்துக் கட்டுத்துணி ஆக்கினேன். தீக்காயங்களுக்கு மேல் விரித்தேன். தையல் விட்டுப்போனவளை ஆஸ்பத்திரியில் மறுபடி தைத்து அனுப்பியிருந்தார்கள். அவள் பக்கத்திலேயே அந்த ஜுரக்காரி படுத்திருந்தாள். அக்கா எங்கே என்று அவள் கேட்கவில்லை. அவளும் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மத்தியானம் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே லாரிகள் வந்து நின்றன. குத்துப்பட்டுச் செத்தவனின் ஆட்கள். அவனைக் குத்தியவன் உள்ளே இருக்கிறான், வெளியே அனுப்பு என்று கத்தினார்கள். அவன் அங்கே இல்லை. எங்கே போனான் என்று எங்களுக்கே தெரியாது. ஆலைக்காரர் கேட்டுக்கு வெளியே போய் நின்றார். நான் உள்ளிருந்து கம்பி வழியாகப் பார்த்தேன்.

"உள்ள பொம்பளைங்களும் கொழந்தைங்களும் கெழடுங்களும்தான் இருக்குதுங்க. போய்டுங்கப்பா."

"மாமா, நீ நகரு. செத்தது நம்ம புள்ள."

"தெரியும்டா. எழவுக்குப் போய் அழுதுட்டுத்தான வந்தேன். அதுக்கு இதுங்க இன்னா பண்ணும்?"

யாரோ ஒருவன் பின்னாலிருந்து வெடியை வீசினான். அவரைக் குறிவைத்து வீசியிருக்க மாட்டான், சுவரைத் தாண்டி உள்ளே போடப் பார்த்திருப்பான். கேட்டுத் தூணில் பட்டு அவர் முகத்தருகே வெடித்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அவர் கேட்டிலேயே சாய்ந்தார். விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிந்தது. அதைப் பார்த்ததும் வந்தவர்களில் சிலர் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் சுவர் ஏறினார்கள். களத்திலிருந்த பெண்கள் கொதிக்கிற கஞ்சியை அகப்பையாலும் வாளியாலும் மொண்டு சுவர்மேல் வந்த முகங்களில் ஊற்றினார்கள். நானும் ஊற்றினேன். தோல் உரிந்து ஒருவன் உள்ளேயே விழுந்தான். அவனைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு விறகுக்கட்டையால் அடித்தபோது, உபதேசியார் அவன்மேல் குறுக்கே விழுந்து அடிகளைத் தான் வாங்கிக்கொண்டார். பெண்களைத் தடுக்கவேண்டும் என்றோ அவனைக் காப்பாற்றவேண்டும் என்றோ அப்போது எனக்குத் தோன்றவில்லை. போலீஸ் வந்து சுட்டது. தெருவில் இரண்டு பேர் விழுந்தார்கள். ஒருவர் கும்பலைச் சேர்ந்தவரே இல்லை, திருவிழாவுக்கு வந்தவர்.

ஆலைக்காரருக்கு வலது கண் போயிற்று. அவர் உறவுக்காரர்கள் அதற்குப் பிறகு அவர் வீட்டில் கை நனைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் அரசாங்க அரிசியும் கம்பளியும் பால்பவுடரும் வந்தன. ஆபீசர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். களத்தில் அம்மை கண்டது. பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் படுக்கவைத்து, ஆலையின் ஒரு கொட்டகையையே ஆஸ்பத்திரியாக்கினேன். ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. போலீஸ் காவலோடு ஆண்கள் போய் அக்காவையும் மற்றவர்களையும் ஆற்றங்கரையிலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். அவள் புருஷன் கால்வாய் தோண்டுகிறவர். குழி தோண்ட வேறு யாரையும் அவர் விடவில்லையாம்.

மழைக்கு முன்னால் அவர்கள் திரும்பிப் போனார்கள். செவிலிமேட்டுப் பக்கம் இடம் கேட்டு வாங்கித் தருகிறேன், அங்கே போகாதீர்கள் என்று நான் சண்டையே போட்டேன்.

"இங்க இருந்துக்கினு இன்னா வேலைம்மா செய்யறது?" என்றாள் தையல் விட்டவள். "நாங்க போவலன்னா தொரத்திட்டோம்னு சொல்லிக்கினு திரிவானுங்க."

வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. என்னை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஜில்லாக் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனேன். அந்த ஜுரக்காரி தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்த ஊரில் பிழைக்க வேண்டியிருந்தது, அவளை நான் கோபித்துக்கொள்ளவில்லை. நான் அக்காவை வெட்டியவனைக் கைகாட்டினேன். எதிர்த்தரப்பு வக்கீல், புகையில் முகம் எப்படித் தெரிந்தது, முதுகில் அடிபட்டுக் குப்புற விழுந்தவருக்கு யார் வெட்டினார்கள் என்று எப்படித் தெரியும் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். விழுவதற்கு முன்னால் பார்த்தேன் என்றேன். அவன் என்னிடம் பேசினான் என்றேன். அவன் கூண்டில் நின்றபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு நாளில் அக்காவின் புருஷனும் வந்திருந்தார். வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். தீர்ப்பை இங்கிலீஷில் படித்தார்கள். அவருக்குப் புரியவில்லை. விடுதலை என்று நான் காதோரம் சொன்னேன். அவர் வெளியே ஓடி, வராந்தாவில் வேகமாகப் போய்க்கொண்டிருந்த சர்க்கார் வக்கீலை எட்டிப் பிடித்தார்.

"சார், அப்போ அவள யாரு சார் வெட்டுனது?"

"அதான் நிரூபிக்க முடியலைன்னு சொல்லிட்டாங்கப்பா."

"அது தெரியுது சார். யாரு வெட்டுனாங்கன்னு கேக்கறேன்."

வக்கீலை அடுத்த வழக்குக்குக் கூப்பிட்டார்கள். அவர் கோட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஒரே கூட்டம். நின்றுகொண்டேதான் வந்தோம். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடம் அக்காவின் புருஷன் அதையே கேட்டார். அந்த ஆள் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். இறங்குகிறவரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார், கண்டக்டரிடமும் கேட்டார்.